மீன் தோலில் மருத்துவப் பொருள்

ஈரச்சந்தையில் திலாப்பியா மீனை வெட்டித் தருபவர், அதன் செதில்களையும் வேண்டாத தோலையும் குப்பையில் தள்ளிவிடுகிறார். அவற்றில் நிறைந்திருப்பது கொலாஜன் எனும் புரதம். நம் தோலையும் எலும்பையும் உறுதியாக வைத்திருப்பதும் இவ்வகைப் புரதம்தான். அதனால், காயத்தை மூடும் மருத்துவப் பொருள்களை உருவாக்க இது பயன்படுகிறது.

பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுக்கும் கொலாஜனைச் சமய நம்பிக்கையால் பலர் ஏற்பதில்லை. மீனுக்கு அந்தத் தடை குறைவு. ஆனால், வேறொரு சிக்கல் உண்டு. கொலாஜன், மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. சூடு மிகுந்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும். குளிர்ந்த கடலில் வாழும் காட் மீனின் கொலாஜன் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்கிறது. மனித உடலின் வெப்பநிலையோ 37 டிகிரி! வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் திலாப்பியாவின் கொலாஜன் 30 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கிறது. மீதிக் குறையைப் போக்க, ஆய்வாளர்கள் இழைகளுக்கிடையே வேதிப் பிணைப்புகளை ஏற்படுத்துகிறார்கள்.

கொலாஜனைப் பிரித்தெடுக்கும் வேலையும் குளிரிலேயே நடக்கிறது. சுத்தம் செய்த தோலை, வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தில், ஏறத்தாழ 4 டிகிரியில் சில நாள் ஊறவைப்பார்கள். கரைந்து வரும் கொலாஜனை உப்பிட்டுத் திரட்டி, உப்பை நீக்கி, உறையவைத்து உலர்த்தினால் வெண்பஞ்சு போன்ற பொருள் கிடைக்கும். அவசரப்பட்டுச் சூடாக்கினாலோ, கிடைப்பது ஜெல்லி மிட்டாயில் சேர்க்கும் ஜெலட்டின்தான்.