வரப்பில் குவிந்த வெங்கச்சங்கல்

ராயக்கோட்டைப் பக்கம் உழுது போட்ட காட்டை ஒரு மழை ஓய்ந்ததும் பாருங்கள். செம்மண்ணுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கற்கள் பளிச்சிடும். ஏருக்கு இடைஞ்சல் என்று பொறுக்கி வரப்பில் குவிக்கிற அந்த வெங்கச்சங்கல்தான் குவார்ட்ஸ். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெங்கச்சங்கல் ஆகிவிடாது. கல்லின் முனையைக் காலி பாட்டில் மேல் அழுத்தி இழுங்கள். கண்ணாடியில் கீறல் விழ வேண்டும். பிறகு இரும்பு ஆணியால் கல்லைக் கீறுங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். கல் கீறிவிட்டது என்று ஏமாற வேண்டாம், அது ஆணியிலிருந்து தேய்ந்து ஒட்டிய இரும்பு. மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7. சுக்கான்கல் ஆணிக்கே கீறும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும்.

ஏமாற்றுவது பெல்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம். கடினம் 6 என்பதால் அதுவும் கண்ணாடியைக் கீறும். உடைந்த பக்கத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். பெல்ஸ்பார் தட்டையாகப் பிளந்து கண்ணாடிபோல் மின்னும். வெங்கச்சங்கல்லில் அப்படித் தளம் இருக்காது. உடைந்த பாட்டில் அடிபோல் வளைந்து வளைந்து உடைந்திருக்கும்.

பாறை மக்கும்போது பெல்ஸ்பார் களிமண்ணாகிவிடுகிறது. வெங்கச்சங்கல் மக்குவதில்லை, அதனால்தான் காட்டில் மிஞ்சிக் கிடக்கிறது. உள்ளே அடைபட்ட நுண்ணிய நீர்க்குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. குமிழி இல்லாமல் தெளிந்திருந்தால் அதே கல்தான் ஸ்படிகம். இருட்டில் இரண்டு கல்லை உரசுங்கள், உள்ளுக்குள்ளேயே ஒரு வெளிச்சம் ஓடும். இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். ஓசூர் டைட்டன் ஆலையின் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்கள் ஓடுவது அந்த அதிர்வில்தான்: நொடிக்கு 32,768 தடவை. கடிகாரத்துக்கு வரப்புக் கல் உதவாது; ஆலையில் வளர்த்த குறையில்லாத படிகம் வேண்டும்.

காட்டில் கிடக்கும் கல்லால் ஒரு கேடும் இல்லை. உடைத்து அரைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும், அதைக் குணமாக்க மருந்து கிடையாது. கல் அரைக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் தெளித்து அரைக்கச் சொல்லிக் கேளுங்கள், தூசியை வடிகட்டும் முகக்கவசம் கேட்டு வாங்குங்கள். மூக்கில் துண்டு கட்டினால் போதாது.