திறமை தெரிய எத்தனை ஆட்டம் வேண்டும்?

ஆண்டி பீல், அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து வங்கி முதலாளி. கணிதப் பைத்தியம். பெர்மாவின் கடைசித் தேற்றத்தை ஒட்டி அவர் எழுப்பிய ஒரு கணக்குக்கு விடை காண்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தவர். 2001-ல் அவர் லாஸ் வேகாஸின் பெலாஜியோ கசினோவில் உட்கார்ந்து, போக்கரில் பழம் தின்று கொட்டை போட்டவர்களை ஒண்டிக்கு ஒண்டி ஆட அழைத்தார். பந்தயத் தொகையை ஏற்று, இன்னும் ஏற்று என்பதுதான் அவருடைய பேச்சு. ஏறினால் கோடீஸ்வரருக்கு ஒன்றுமில்லை, எதிரே இருப்பவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். டாய்ல் பிரன்சன், ஜெனிபர் ஹார்மன் போன்ற ஜாம்பவான்களே தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாமல், ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டுக் கூட்டாகச் சேர்ந்து, முறை வைத்து அவரோடு ஆடினார்கள்.

2006 பிப்ரவரியில் அந்தக் கூட்டணியிடமிருந்து சில நாட்களில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தார் பீல். அதே மாதம் அந்தக் கூட்டணிக்காகப் பில் ஐவி வந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் பீல் தோற்றது 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். ஐவிதான் சிறந்தவர் என்று ஊரே சொன்னது. இருக்கலாம், அவர் சாதாரண ஆளில்லை. ஆனால் மூன்று நாள் ஆட்டத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாது என்பது, கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வுபெற்ற என் கட்சி.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தடை செய்யும்வரை போக்கர் ஆடிக்கொண்டிருந்தான். வரவு செலவையெல்லாம் எக்செல்லில் குறித்து வைத்திருந்தான். “மாமா, பத்தாயிரம் ஆட்டம் ஆடியாச்சு. நஷ்டத்துலதான் நிக்கிறேன். எனக்கு ஆடத் தெரியலையா?”

“இதை வெச்சு அதைச் சொல்ல முடியாதுடா” என்றேன். நம்பவில்லை. காகிதத்தை எடுத்தேன்.

பத்து ரூபாய் பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) மேஜை, உட்கார ஆயிரம் ரூபாய். வரம்பில்லாத ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, முன்னால் இருக்கும் பணம் முழுதையும் பந்தயம் கட்டலாம். நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக 50 ரூபாய் சம்பாதிக்கும் நல்ல ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூறு ஆட்டத்தில் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து மேலும் கீழும் விலகும் அளவு, சுமார் ஆயிரம் ரூபாய். வருமானத்தைப் போல இருபது மடங்கு! பத்தாயிரம் ஆட்டத்தில் அவருக்கு வரவேண்டியது 5,000, திட்ட விலக்கமோ 10,000. அதாவது இந்த நல்ல ஆட்டக்காரர் நஷ்டத்தில் நிற்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு இருக்கிறது. இதே அளவு மோசமாக ஆடுகிறவர் லாபத்தில் நின்று மீசையை முறுக்கவும் அதே முப்பதுதான். கசினோவில் மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தால் பெரிது. பத்தாயிரம் ஆட முந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லட்சம் ஆட்டம் ஆடினால்தான் அந்த முப்பது ஆறாகக் குறையும்.

சரி, அதுவரை கையில் காசு இருக்குமா? அதற்கும் கணக்கு உண்டு. இதே ஆள் 20,000 ரூபாயோடு இறங்கினால், என்றாவது ஒருநாள் முழுதும் துடைத்துப்போக ஏறக்குறைய ஏழில் ஒரு வாய்ப்பு. 30,000 இருந்தால் இருபதில் ஒன்று.

ஒமாஹா என்ற இன்னொரு போக்கர் வகைப் பக்கம் போனால் நிலைமை வேறு. ஹோல்டெமில் இரண்டு ஏஸை வைத்துக்கொண்டு இரண்டு ராஜாவை எதிர்த்தால் நூற்றுக்கு 82 முறை ஜெயம். ஒமாஹாவில் ஆளுக்கு நான்கு சீட்டு. ஏஸ் ஜோடி இருந்தாலும், எதிராளியிடம் ஒரே இனத்தில் வரிசையாக நல்ல சீட்டுகள் சேர்ந்துவிட்டால் உங்கள் பங்கு அதைவிட நன்றாகக் குறைந்துவிடும். ஏற்ற இறக்கம் கூடுகிறது, திட்ட விலக்கம் 1,400 வாக்கில் போகிறது. அதே சராசரி லாபம், அதே 20,000 ரூபாய், ஆனால் திவாலாக மூன்றில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு. இருபதில் ஒன்றாக்க வேண்டுமானால் 60,000 வேண்டும். விலக்கம் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை, தேவைப்படும் பணம் இரண்டு மடங்காகிவிட்டது. விலக்கத்தின் வர்க்கம்தான் கணக்கில் வருகிறது, அதனால்.

போட்டித் தொடர்கள் இதைவிட மோசம். 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் தலைக்கு 10,000 டாலர் நுழைவுக் கட்டணம், 839 பேர். 86 டாலர் இணையத் தகுதிப் போட்டி வழியே வந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார். பரிசுப் பணம் பார்த்தவர்கள் மொத்தமே 63 பேர். கட்டணத்தைப் பறிகொடுத்த 776 பேரில் நன்றாக ஆடத் தெரிந்தவர்களும் ஏராளம்.

2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, அவற்றுக்குத் தமிழக அரசு விதித்திருந்த தடையை நீக்கியது. திறமையா அதிர்ஷ்டமா என்றுதான் எல்லோரும் வாதாடுகிறோம். எத்தனை ஆட்டத்துக்குள் என்று கேட்டால் இரண்டு கட்சியும் ஜெயிக்கும்.

மருமகனுக்குப் போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் பெர்குசனின் கதையைச் சொன்னேன். 2006-ல் ஒரு பைசா போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி, ஒன்றரை வருஷ வாக்கில் 10,000 டாலர் சேர்த்தவர். கையிருப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஒரு மேஜைக்கு எடுத்துப்போகமாட்டார், பெரிய போட்டியென்றால் இரண்டுக்கு மேல் கிடையாது. ஜெயித்து ஜெயித்து மேஜையில் இருப்பது கையிருப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எழுந்துவிடுவார்.

“ஜெயிக்கும்போது எவன் மாமா எழுந்திருப்பான்?”

வரம்பில்லாத ஆட்டத்தில் முன்னால் குவிந்திருப்பது அத்தனையும் ஒரே சீட்டில் போகும். ஜெயித்த காசு, கொண்டுவந்த காசு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.