மாமிசத் துண்டை அகற்றினால் சைவமாகிவிடாது

தஜிகிஸ்தானுக்குப் பிரயாணம் செல்லும் சாகபட்சணிகள் பலர், துஷான்பே நகரத்து உணவுச்சாலையில் அமர்ந்து "மாமிசம் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் தம் காரியம் முடிந்ததென்று எண்ணி, பரிசாரகர் மேலிருந்த துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொணரும் சோற்றை நிச்சிந்தையாக உண்டுவிட்டு, பின்னர் விஷயம் தெரிந்து விசனப்படுவதை அடிக்கடி கேள்விப்படுகிறோம். பரிசாரகரை நொந்து பயனில்லை. 'ஓஷ்' என்னும் புலாவில் அரிசியும் காரட்டும் மாமிசத்தோடு சேர்ந்தே வேகின்றன. 'ஷுர்போ' எலும்பும் மாமிசமும் வெந்த சாறு. இவற்றினும் ஆபத்தானது 'தும்பா' என்கிற செம்மறியாட்டு வால்கொழுப்பு. பூசணிக்காய்ப் பூரணம் வைத்த 'சம்புசா' என்னும் சமோசாவிலும் அது கலந்திருக்கக்கூடும்.

ஆதலால் வாய்ச்சொல்லை நம்பாமல், புறப்படுமுன்பே பாஷை அறிந்த ஒருவரைக் கொண்டு, சிரில்லிக் லிபியில், ஒரு பக்கம் தஜிக்கிலும் மறுபக்கம் ரஷ்ய மொழியிலுமாக ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'மாமிசம்' என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல், கோழி, மீன், மாமிசச் சாறு, தும்பா ஆகியவற்றைத் தனித்தனி வரிகளில் குறித்து, "தாவர எண்ணெயில் மட்டும் சமைக்கவும்" என்று முடியுங்கள். பாலையும் விலக்குவோர், பால், வெண்ணெய், முட்டை, 'குரூத்' எனும் உலர்தயிர் உருண்டை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். குரூத்தைக் கரைத்து, பிய்த்த ரொட்டியின் மீது ஊற்றி, வெங்காயமும் கீரையும் தூவித் தரும் 'குரூத்தோப்' சைவருக்கு வரப்பிரசாதமாயினும் இவர்களுக்கு ஆகாது. அதன் மீதும் மாமிசம் வைக்கும் கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டைச் சமையற்காரர் கண்ணில் படும்படி, அடுப்பில் பாத்திரம் ஏறுமுன் காட்டுங்கள்; ஏறிய பிறகு காட்டிப் பிரயோஜனமில்லை.

பாமிர் மலைப்பகுதிக்குச் செல்ல அனுமதிப் பத்திரம் வேண்டுமென்று ஓயாமல் நினைவூட்டும் பிரயாண ஏற்பாட்டாளர்கள், சாப்பாட்டைப் பற்றி மட்டும் "எல்லாம் கிடைக்கும்" என்று சொல்லிக் கைகழுவிவிடுகிறார்கள். கிடைக்காது. மலைக்கிராம வீடுகளில் தங்குவோர், இடம் பதிவு செய்யும்போதும் வந்து சேர்ந்தவுடனும் சீட்டிலுள்ளதைச் சொல்லியாக வேண்டும். தும்பா சேர்ந்திருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கோரோக் நகரச் சந்தையைத் தாண்டுமுன் ரொட்டி, அக்ரோட்டு, உலர்ந்த முசுக்கட்டைப் பழம் முதலியவற்றை வாங்கிவிடுங்கள். அப்பால் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்திலுள்ள முர்காபில் காய்கறி அரிது. தண்ணீரும் 88 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால், ஊரிலிருந்து சுமந்து சென்ற துவரம்பருப்பு அழுத்தக் கொப்பரையின்றி எளிதில் வேகாது. அவல் கொண்டு செல்லுங்கள்.