மாற்றுத் திறனாளிகள் நலப் பணியில் வழங்கும் சொற்களும் அவற்றின் பொருளும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் பெருஞ்சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே அமைந்துள்ளது சேரப்பணஞ்சேரி. ஏரி நீரை நம்பி நெல் விளைவித்து வந்த இவ்வட்டாரத்தில் இன்று மோட்டார் வாகனங்களையும் டயர்களையும் உதிரி உறுப்புகளையும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. தந்தை கழனிக்குப் புறப்படும் அதே நேரத்தில் மகன் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரத்தில் நிற்பது இங்கே அன்றாடக் காட்சி.

உடற்குறை என்றால் பிறவியில் வந்தது, அல்லது இளம்பிள்ளை வாதத்தால் வந்தது என்றே நம் முன்னோர் எண்ணி வந்தனர். இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பிறகு தோன்றவில்லை; 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாடு அந்நோய் நீங்கிய நாடெனச் சான்றும் பெற்றது. ஆனால் அழுத்து இயந்திரத்தில் அகப்பட்ட விரலும், இரவுப் பணி முடிந்து திரும்புகையில் லாரி மோதி முறிந்த முதுகுத் தண்டும் இப்போது கிராம வீடுகளுக்குள் புதிய துன்பத்தைக் கொண்டுவருகின்றன. இவ்வீட்டார் முதலில் நாடி வருவது ஊராட்சி மன்ற அங்கத்தினரைத்தான். அவர் எழுதிக் கொடுக்கும் மனுவில் ஒரு சொல் மாறிவிட்டால் மனு வேறோர் அலுவலகத்துக்குச் சென்று மாதக் கணக்கில் உறங்கும். ஆதலால் இத்துறையில் வழங்கும் முக்கியமான சொற்களின் பொருளை அங்கத்தினர்களும் உழவர் பெருமக்களும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1995-ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய சட்டம் தமிழில் ஊனமுற்றோர் சட்டம் என்றே வழங்கியது. 2010-ஆம் ஆண்டில், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், தமிழக அரசு அச்சொல்லை விலக்கி ‘மாற்றுத் திறனாளி’ என்னும் சொல்லை ஏற்றது. தனித் துறையும் அப்பெயரிலேயே அமைந்தது. மத்திய அரசின் தாள்களில் ‘திவ்யாங்கஜன்’ என்று அச்சாகியிருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். ‘தெய்வீக உறுப்புடையோர்’ என்ற பொருள் தரும் அச்சொல் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. எங்களைத் தெய்வமாக்க வேண்டாம், படியேற வழி செய்தால் போதும் என்று மாற்றுத் திறனாளிகளில் பலர் அதனை மறுத்துரைத்தனர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எப்பெயர் அச்சாகியிருப்பினும் உரிமை ஒன்றே. ஆயினும் நொண்டி, செவிடு, பைத்தியம் என்று மன்றத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும் பழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அதனை உடனே நிறுத்திவிடல் வேண்டும்.

‘குறைபாடு’, ‘இயலாமை’ என்னும் இரு சொற்களையும் நாம் ஒன்றாகவே கருதி வருகிறோம். அவை ஒன்றல்ல. ஒருவரது கால் சூம்பியிருப்பது குறைபாடு. அவர் ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைய முடியாமல் வாயிலிலேயே நிற்பது இயலாமை. முன்னது உடம்பில் உள்ளது. பின்னது அந்த உடம்பும் நாம் கட்டி வைத்த மூன்று படிகளும் சேர்ந்து உண்டாக்கியது. 2006-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையின் அடிப்படைக் கருத்து இதுவே. இந்தியா 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை உறுதிசெய்தது. அதற்கிணங்க இயற்றப்பெற்ற 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் இருபத்தொன்றாயின. மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, புற உலகச் சிந்தனையின்மை, கற்றல் குறைபாடு, நடுக்குவாதம், அமில வீச்சால் வந்த பாதிப்பு ஆகியவை தனித் தனியே பெயர் பெற்றன. அறிவுசார் குறைபாடும் மனநோயும் வெவ்வேறு என்பதையும் இங்கே நினைவில் கொள்க. முன்னது வளரும் பருவத்திலேயே கற்றலிலும் அன்றாட நடத்தையிலும் காணப்படுவது. பின்னது எவ்வயதிலும் வரக்கூடியது, மருத்துவத்தால் தணியக்கூடியது. இவ்விரண்டையும் ஒன்றாக எழுதிச் சான்று கேட்டு அலைந்தவர்கள் உண்டு.

இனி, எல்லாக் குழப்பத்துக்கும் வேராக உள்ள ‘சதவீதம்’ என்னும் சொல்லுக்கு வருவோம்.

சேரப்பணஞ்சேரி இளைஞர் ஒருவர் தொழிற்சாலை விபத்தில் ஒரு கண்ணை இழந்துவிட்டார், மற்றொரு கண் நன்றாக உள்ளது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர் இழப்பீட்டுக்காக 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுத்து, பின்னர் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்ற அட்டவணையைப் பார்த்தால், ஒரு கண்ணின் இழப்புக்கு 40 சதவீதம் என்று இருக்கும். அவர் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நான் 40 சதவீத மாற்றுத் திறனாளி, எனக்கு அரசு வேலை இட ஒதுக்கீடு உண்டு’ என்று நம்புகிறார். மாற்றுத் திறனாளிச் சான்று வழங்கும் மருத்துவக் குழுவோ, அதே கண்ணுக்கு 30 சதவீதம் என்றே எழுதுகிறது. மருத்துவர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் அழுகையும் ஏச்சும் எழுகின்றன. எவரும் ஏமாற்றவில்லை. முதல் கணக்கு ‘ஈட்டும் திறன் இழப்பு’ பற்றியது. உழைத்துச் சம்பாதிக்கும் ஆற்றலில் எத்தனை பங்கு போயிற்று என்று அது கேட்கிறது. இரண்டாவது கணக்கு ‘குறைபாட்டின் அளவு’ பற்றியது. இரு கண்களும் சேர்ந்து எவ்வளவு பார்வை எஞ்சியிருக்கிறது என்று அது கேட்கிறது. மரக்காலும் முழக்கோலும் போல இவை வேறு வேறு அளவைகள். ஒன்றினால் கிடைத்த எண்ணை மற்றொன்றின் இடத்தில் வைத்தல் ஆகாது.

இதனால் பயன் என்ன எனில், இவ்விளைஞர் இரு வாயில்களையும் தனித் தனியே தட்ட வேண்டும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவராயின், பணியின்போது நேர்ந்த காயத்துக்கு ‘நிரந்தர ஊனப் பயன்’ என்னும் மாதத் தொகையை அங்கே கோர வேண்டும். அக்காப்பீட்டின் மருத்துவ வாரியம் ஈட்டும் திறன் இழப்பை அளந்து சொல்லும். கட்டை விரல் முழுதும் போனால் அட்டவணைப்படி 30 சதவீதம். ஒரு கையே போனால் 60 சதவீதம். காப்பீட்டில் சேராதவராயின் முதலாளியிடம் இழப்பீடு கோரும் வழி உண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குச் சென்றவர்கள் தமக்குக் காப்பீட்டு எண் உண்டா என்பதை விபத்துக்கு முன்பே கேட்டு அறிந்துகொள்ளுதல் நலம். பின்னர் கேட்டால் பதில் வர நாளாகும்.

மற்றொரு வாயில் மாற்றுத் திறனாளிச் சான்று. இதில் 40 என்னும் எண்ணே எல்லைக்கல். சான்றில் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களையே சட்டம் ‘வரையளவுக் குறைபாடுடையோர்’ என்கிறது. அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீத இடங்களும் இவர்களுக்கே. ‘தனித்துவ அடையாள அட்டை’ என்று இப்போது நாடெங்கும் வழங்கப்படும் அட்டையில் வண்ணத்தைக் கண்டே அளவை அறியலாம்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். காது கேளாமைக்குத் தனி வரையறை உண்டு. இரு காதுகளிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தால் காது கேளாதோர்; 60 முதல் 70 வரையாயின் செவித்திறன் குறைந்தோர். ஒரு காது மட்டும் கேளாதவர் இவ்வரையறையில் அடங்கார்.

அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவர் குறைபாடு அடைந்தால் அவரைப் பணியினின்று நீக்கவோ, பதவியில் தாழ்த்தவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இத்தடை அரசு நிறுவனங்களுக்கே சொல்லப்பட்டது. தனியார் தொழிற்சாலையில் பணிபுரிவோர் இதனைத் தமக்கும் உரியதென எண்ணிப் பிற வழிகளை நாடாமல் இருந்துவிடலாகாது.

பணவுதவியிலும் இரு பெயர்கள் உண்டு. வருவாய்த் துறை வாயிலாகத் தாசில்தார் அலுவலகம் வழங்குவது ‘ஓய்வூதியம்’. மாற்றுத் திறனாளிகள் நலத் துறை வழங்குவது ‘பராமரிப்பு உதவித்தொகை’. பின்னது கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தண்டுவடப் பாதிப்பு போன்ற நிலையில் இருப்போருக்கு உரியது. பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; ஓய்வூதியம் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மனுவின் தலைப்பில் ‘உதவித்தொகை வேண்டி’ என்று மட்டும் எழுதினால் எந்தத் தொகை, எந்த அலுவலகம் என்பது விளங்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுப்பதா, காஞ்சிபுரத்திலுள்ள மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுப்பதா என்பதையும் தொகையின் பெயரே முடிவு செய்கிறது.

‘உதவி உபகரணம்’ என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சக்கர நாற்காலி, மூன்று சக்கர சைக்கிள், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், காதொலிக் கருவி, செயற்கைக் கால் முதலியன அதில் அடங்கும். ஆனால் ‘நியாயமான வசதி ஏற்பாடு’ என்பது பலருக்குப் புதிய சொல். ஒருவர் மற்றவரோடு ஒப்பப் பங்குகொள்வதற்காக, அளவுக்கு மீறிய சுமை ஏற்படாத வகையில் நாம் செய்து தர வேண்டிய மாறுதலே அது. நடக்க இயலாதவர் வருகிறார் என்றால் கிராம சபையை மாடியில் கூட்டாமல் தரைத்தளத்தில் கூட்டுவது அத்தகைய ஏற்பாடு, செலவே இல்லாதது. இதனை மறுப்பதும் பாகுபாடே எனச் சட்டம் கூறுகிறது.

‘தடையற்ற சூழல்’ என்பதும் இதனைச் சார்ந்ததே. ஊராட்சிகளில் இதற்காகச் சாய்தளம் கட்டுகிறார்கள். கட்டுவதில் பிழையும் செய்கிறார்கள். சாய்தளத்தின் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். ஆறங்குலப் படிகள் மூன்று இருந்தால் உயரம் 18 அங்குலம். ஆகவே சாய்தளம் 18 அடி நீளம் இருத்தல் வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிடும் கட்டடங்கள் பல. அச்சரிவில் வைக்கோல் வண்டியை ஏற்றவும் உழவர் யோசிப்பார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் தம் கைகளால் எங்ஙனம் ஏறுவார்? நேராக இடமில்லையெனில் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். இருபுறமும் கைப்பிடியும், வழுக்காத தரையும் இன்றியமையாதவை. ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே இவ்வளவைத் தீர்மானத்தில் எழுதிவிடுவது அங்கத்தினர்களின் பொறுப்பு.

நிலமுள்ள குடும்பங்கள் கருத்தூன்ற வேண்டிய சொல் ‘சட்டப்படியான பாதுகாவலர்’. தொழிற்பேட்டைகள் வந்த பின் இவ்வட்டாரத்தில் நிலத்தின் மதிப்பு உயர்ந்து பாகப்பிரிவினைகள் பெருகியுள்ளன. அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டால், பெற்றவர் என்பதனாலேயே தந்தை அவனுக்காகக் கையொப்பமிடும் உரிமை பெறுவதில்லை. பலர் இதனைப் பத்திரப் பதிவு நாளன்றுதான் அறிகின்றனர். 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, புற உலகச் சிந்தனையின்மை, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கினுக்கும், மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். நியமனம் பெற்றவர் அம்மகனின் சொத்து விவரத்தையும், ஆண்டுதோறும் கணக்கையும் அக்குழுவிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். அண்ணன் தம்பிமார் ‘அவனுக்கு எதற்குப் பங்கு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்வது அன்பினாலும் இருக்கலாம். பட்டாவில் அவன் பெயர் இல்லாமற் போனால் அந்த அன்பு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ ‘வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்’ என்று மற்றொரு சொல்லைத் தருகிறது. அவர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்பவர் அல்லர். குறித்த ஒரு முடிவை, குறித்த காலத்துக்கு, மாற்றுத் திறனாளியோடு கலந்து எடுப்பவர்.

இறுதியாக ஒரு புதிய சொல், ‘நியமன உறுப்பினர்’. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஆகிய மூன்றிலும் மாற்றுத் திறனாளியை உறுப்பினராக நியமிக்க வகை செய்தது. தேர்தலில் நின்று வாக்குப் பெறாமல் நியமனத்தால் மன்றத்தில் அமர்பவர் இவர். ஆகவே கூட்ட அறிவிப்பு இவருக்கும் உரிய நாளில் சேர வேண்டும். இவர் பார்வையற்றவராயின் பொருள் நிரலை முன்கூட்டியே எவரேனும் படித்துக் காட்ட வேண்டும். செவித்திறன் அற்றவராயின் சைகை மொழி அறிந்தவர் ஒருவர் உடன் அமர வேண்டும். மேலே சொன்ன 18 அடிச் சாய்தளம் இன்னும் கட்டப்படாத அலுவலகமாயின், முதற் கூட்டத்தின் முதற் பொருளாக அதனையே வைத்துக்கொள்ளலாம்.