அணையா விளக்கும் ஆய்வுக்கூட எலியும்

தீபாவளி நெருங்கும் மாதங்களில் ஜெயங்கொண்டம் பகுதிக்குச் சங்க இருப்பைச் சரிபார்க்கச் செல்லும்போதெல்லாம், நள்ளிரவு கடந்தும் தறிச் சத்தம் ஓயாத வீடுகளை நாம் காண்கிறோம். தறியின் மேல் குழல்விளக்கு எரிகிறது. அதே கூடத்தில், அதே வெளிச்சத்தில் குழந்தைகள் உறங்குகின்றன. "கண் எரிச்சல்தான் ஐயா, வேறொன்றுமில்லை" என்பார்கள் அங்கத்தினர்கள். இது கண்ணோடு முடிகிற காரியமா?

மூளையின் உட்புறத்தில் பினியல் என்றொரு சிறு சுரப்பி உண்டு. இருள் சூழ்ந்த பின் அது மெலடோனின் என்னும் சுரப்புநீரை இரத்தத்தில் விடுகிறது. 1958-இல் லெர்னர் குழுவினர் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். 1963-இல் அமெரிக்க அறிஞர் ஊர்ட்மன், ஆக்செல்ராட் முதலியோர் சில எலிகளை ஓயாத வெளிச்சத்திலும், சிலவற்றை ஓயாத இருளிலும் வைத்துப் பார்த்தனர். வெளிச்சத்திலிருந்த எலிகளில் மெலடோனினை உண்டாக்கும் நொதியின் வேகம் குன்றியிருந்தது.

அதோடு நிற்கவில்லை. எலி இரவில் நடமாடும் பிராணி. அது விழிக்கும் அந்திவேளையில் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் உச்சமடையும். விளக்கை அணைக்காமலே வைத்தால், முதலில் எலியின் 'நாள்' 24 மணியைத் தாண்டி நீள்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல விழிப்பும் உறக்கமும் ஒழுங்கின்றிச் சிதறுகின்றன. சுரப்புநீரின் ஏற்றத்தாழ்வும் மங்குகிறது. இக்கடிகாரம் இருக்குமிடம், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலுள்ள அணுத்திரள் என்பது 1972-இல் எலிகளிடத்தேதான் தெளிவாயிற்று.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களிடத்தும், பகலிரவு தெரியாத அறையில் தங்கிய மனிதரிடத்தும் இந்த நாட்கணக்கையே ஆராய்ந்தார்.

எலிக்கு நேர்வதெல்லாம் மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் மெலடோனின் இருவரிடத்தும் இரவில்தான் பெருகுகிறது. கடும் வெளிச்சம் மனிதனிடத்தும் அதனைத் தடுப்பதை 1980-இல் கண்டனர். இரவுமுறை வேலை புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் அதனை உறுதி செய்தது. அரியலூர் சிமெண்டு ஆலைகளில் இரவுமுறை பார்ப்போர் வீட்டிலும் இச்செய்தி தெரிந்திருக்க வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் மோட்டார் போட இரவில் எழும் பருத்தி விவசாயி, கைவிளக்கை அணைத்துவிட்டு இருளுக்கே திரும்புகிறார். அவர் கதை வேறு.

நெசவாளரைக் குறை கூறுவது எளிது. நூல் தாமதமாக வந்து, தவணைத் தேதி மட்டும் மாறாதிருந்தால் அவர் இரவை வெட்டாமல் வேறெதை வெட்டுவார்? அத்தேதிகள் உள்ள பதிவேட்டில் நாமும் கையொப்பமிட்டிருக்கிறோம். நூல் வழங்கிய நாளிலிருந்து தவணையைக் கணக்கிட நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். அதுவரை விளக்கைத் தாழ இறக்கி, மூடியிட்டு, ஒளி பாவின்மேல் மட்டும் விழச் செய்யலாம். குழந்தைகள் படுக்கும் பக்கம் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டலாம்.