பிறப்பேடும் தந்தை பெயரும்

பிறப்பேட்டில் தந்தை பெயர் பிழைபட்டிருப்பின் அதனை மாற்றுதல் எங்ஙனம்? மரபணுச் சோதனை உண்மை உரைக்குமாயினும், கேட்டவுடன் கிட்டுவதன்று. மணவாழ்விற் பிறந்த மகவு கணவனதே எனக் கொள்வது சட்டநெறி. சோதனைக்கு எளிதில் ஆணையிடலாகாதென்றும், குழந்தைக்கு நேரும் இழிவை முன்னர் எண்ணவேண்டுமென்றும் 1993இல் உச்ச நீதிமன்றத்தார் உரைத்தனர். பதிவு பிழையென மெய்ப்பிக்கப்படின், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாளர் பழைய எழுத்தை அழியாது, ஓரத்தில் திருத்தம் எழுதி, நாளிட்டு ஒப்பமிடுவார்.

நாமக்கல்லைச் சார்ந்த இராசிபுரத்தில் 2019இல் சிசு விற்பனை வழக்கு எழுந்தபோது, பிறப்புச் சான்றும் விலைப்பட்டதெனக் குற்றஞ்சாட்டப்பட்டது. ஏட்டில் பொய் புகுமாயின், தன்னைப் பெற்றோர் யாவரென அறியும் வழி அம்மகவுக்கு அடைபடும். ஐயமே எழாதவிடத்துச் சோதனையை நாடுவார் யார்? ஆதலின், பின்னர்த் திருத்துதலினும் முதலெழுத்தின் மெய்ம்மையே பெரிதென யாம் கருதுகின்றோம்.