தண்ணீர் ஒழுகும் விமானத்தில் பேத்தியை ஏற்றலாமா?

2023 நவம்பர் 24-ம் தேதி லண்டன் கேட்விக்கிலிருந்து அமிர்தசரஸ் வந்த ஏர் இந்தியா விமானத்தில், தலைக்கு மேலே பெட்டி வைக்கிற இடத்தின் ஓரமாகத் தண்ணீர் கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். யாரோ ஒரு பயணி அதைச் செல்போனில் படம் பிடித்துவிட, ஒரு வாரத்துக்குள் ஊர் உலகமெல்லாம் பார்த்துச் சிரித்தது. டிக்கெட்டோடு குளியல் இலவசம் என்றும், அடுத்த தடவை குடையோடு போங்கள் என்றும் ஆளாளுக்குக் கிண்டல். 2022-ல் டாடா கைக்குப் போன பிறகும் இதே கதைதானா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. நனைந்த வரிசையில் இருந்தவர்களைக் காலியாக இருந்த சீட்டுகளுக்கு மாற்றியதாகக் கம்பெனி சொன்னது. அத்தோடு விஷயம் முடிந்தது.

எங்கள் வீட்டில்தான் முடியவில்லை. என் அண்ணன் மகளுக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, விசாவும் வந்து, டிக்கெட் போடுகிற நேரம். சொந்தக்காரர் ஒருவர் அந்தப் பழைய வீடியோவைத் தேடி எடுத்து, என்னவோ நேற்று நடந்த மாதிரி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அதைப் பார்த்த என் அம்மா, "கூரையில ஓட்டை இருக்கிற பிளேன்ல என் பேத்திய ஏத்தவே மாட்டேன்" என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். அண்ணனும், "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்று இழுக்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் வரைக்கும் அந்த வேலை காத்திருக்குமா? பெண் பிள்ளை தூர தேசம் போகிறாள் என்றால் தடுத்து நிறுத்த நம் வீடுகளில் ஒரு சின்ன சாக்கு போதும். நாலு பேர் சிரிப்பதற்காகப் போட்ட வீடியோ இங்கே சாக்காகிவிட்டது. "அத்தை, நீங்களாவது சொல்லுங்க" என்று அவள் கண் கலங்கிவிட்டாள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவள். எனக்கு இது புரிவதற்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஷூ பெட்டியிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடாமல் மூடக் கூடாது என்று சூப்பர்வைசர் உயிரை எடுப்பார். காரணம், வெயிலில் ஏற்றிய கன்டெய்னர் குளிர்ப் பிரதேசத்துக்குப் போகும்போது, உள்ளே இருக்கிற காற்றின் ஈரமே இரும்புக் கூரையில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு பெட்டிகள் மேல் சொட்டும். கூரையில் ஓட்டையும் இருக்காது, மழையும் பெய்திருக்காது. ஆனால் தோலில் பூசணம் பிடித்து, சரக்கு ரிஜெக்ட் ஆகிவிடும். வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விமானத்திலும் அதே சங்கதிதான். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர். உள்ளே இருநூறு, முந்நூறு பேர் மணிக்கணக்காக மூச்சு விடுகிறார்கள். நாம் பார்க்கிற உள்கூரைக்குப் பின்னால் மெத்தை மாதிரி ஒரு பஞ்சு விரிப்பு, அதற்குப் பின்னால் விமானத்தின் வெளிச்சுவர். இடுக்கு வழியாக அங்கே போகிற மூச்சு ஈரம் சுவரில் பனியாக உறைகிறது. விமானம் கீழே இறங்கிச் சூடு ஏறும்போது பனி உருகுகிறது. பெரும்பாலும் அது சுவரோரமாக வழிந்து அடிப்பக்கம் போய்விடும். விரிப்பு ஊறிப்போனால்தான் தலையில் சொட்டும். இதை அம்மாவுக்கு, சோற்றுப் பானை மூடியின் உள்பக்கம் நீர் கோத்துக்கொள்வதைக் காட்டித்தான் விளக்கினேன்.

ஆனால் எல்லாத் தண்ணீரும் மூச்சுத் தண்ணீர் இல்லை, அதையும் மறைக்கக் கூடாது. 2014 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மெல்போர்ன் கிளம்பிய குவாண்டாஸ் விமானத்தில் தண்ணீர்க் குழாய்க் கோளாறால் நடைபாதையெல்லாம் வெள்ளம். ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதே கம்பெனியின் ஜம்போ விமானம் 2008 ஜனவரி 7-ம் தேதி லண்டனிலிருந்து பாங்காக் வந்தபோது நடந்தது இன்னும் மோசம். சமையல் பகுதியின் கழிவு நீர்க் குழாய் அடைத்து, பொங்கிய தண்ணீர் தரைக்கு அடியில் இருந்த மின் சாதனங்களுக்குள் இறங்கிவிட்டது. பெரும்பகுதி மின்சாரம் போய், பேட்டரியை நம்பித்தான் கீழே இறக்கினார்கள். 365 பேரும் பிழைத்தார்கள். தலையில் சொட்டுவதைப் பார்த்து ஊரே அலறுகிறது, காலுக்கு அடியில் போவது யார் கண்ணிலும் படுவதில்லை.

அதனால்தான் எனக்குக் கம்பெனிக்காரர்கள் மேல் வருத்தம். அமிர்தசரஸ் விமானத்துக்கு ஏர் இந்தியா கொடுத்த விளக்கம், 'அரிதான கண்டன்சேஷன் அனாமலி'. இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அது என்னடி நோயி?" என்று கேட்டார். குழாய் உடையவில்லை, இது மூச்சு ஈரம், மின்சாரத்துக்குப் பக்கத்தில் போகவில்லை, இன்னாரைக் கொண்டு சோதித்தோம் என்று நாலு வரி, நமக்குப் புரிகிற மொழியில் சொல்லியிருந்தால் கிண்டல் பாதி அடங்கியிருக்கும். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் பக்கத்து டவுன் பஸ் ஒன்றில் மழை நாளில் கடைசி சீட்டுக்காரர்கள் குடை பிடித்துத்தான் உட்காருகிறார்கள், அதற்கு அனாமலி என்றுகூட யாரும் சொல்வதில்லை!

முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள் கவனிக்க: சென்னை போன்ற புழுக்கமான ஊரில் ஏசி துவாரத்திலிருந்து வெள்ளையாக வருவது பனிமூட்டம்தான், புகை இல்லை, பயப்படாதீர்கள். மேலேயிருந்து சொட்டினால் உடனே பணியாளரைக் கூப்பிட்டு, சீட் நம்பரைச் சொல்லி, புத்தகத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே எழுதினால்தான் கீழே இன்ஜினீயர் கண்ணில் படும். பாஸ்போர்ட், சர்டிபிகேட், மாத்திரை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். துணி, சாமான் நனைந்து பாழானால் போட்டோ எடுத்து, போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் 'ஏர்சேவா'வில் புகார் கொடுக்கலாம். இன்னொன்று, மேலே சொட்டுவது சில சமயம் நம்மவர்கள் சரியாக மூடாமல் வைத்த தண்ணீர் பாட்டிலாகவோ ஊறுகாய் ஜாடியாகவோ இருக்கும்!

அண்ணன் மறுநாளே டிக்கெட் போட்டுவிட்டார். அவள் சர்டிபிகேட் கவருக்குள் நான் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் கொடுத்தேன். அம்மா அரை மனசாகச் சம்மதித்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "சுவத்தோரம் வேண்டாம் கண்ணு, நடு சீட்டா கேட்டு வாங்கு."

- ஒரு வாசகி, ஆம்பூர்.